நாடாவில் இல்லாத இரைச்சல்

1966 பெப்ரவரி 7

இன்று ஊசி இடது பக்கம். வலது பக்கம் இன்னும் கட்டியாக இருக்கிறது என்று நேர்ஸ் அஞ்சலா மாற்றிப் போட்டாள். குப்புறப் படுத்தபடி எழுதுகிறேன், எழுத்து கோணிக்கொண்டு போகிறது. நான் படிப்பிக்கிற வகுப்புப் பிள்ளைகள் கண்டால் சிரித்தே செத்துவிடுவார்கள்.

அல்பேட் மாஸ்டர் சொன்னபடி பெட்டியை அனுப்பிவிட்டார். பற்றரியில் ஓடும் நாடாப் பெட்டி, காதில் மாட்டிக் கேட்க ஒரு கருவி, சுருள் சுருளாக நாடா. முப்பதுகளில் குளக்கட்டு வேலைக்கு வந்த ஒரு வெள்ளைக்காரர் எங்கள் பக்கத்து வயல் பாட்டுகளையும் தோணிப் பாட்டுகளையும் இசைத்தட்டில் பிடித்துக்கொண்டு போனாராம். தட்டு முழுக்கக் கீறலாம். இப்போது சீமையில் யாரோ அந்தக் கீறலையும் இரைச்சலையும் வடித்தெடுத்து, குரலை மட்டும் நாடாவுக்கு மாற்றியிருக்கிறார்கள். நான் கேட்டுக் கேட்டுச் சொற்களை எழுதிக் கொடுக்க வேண்டும்.

மாஸ்டர் கல்லாற்றுக்காரர், மெதடிஸ்த வேதக்காரர், எங்கள் பள்ளிக்கூடத்தில் சங்கீதமும் சரித்திரமும் படிப்பிக்கிறவர். "நீ வயல்காரப் போடியார்ர மகள், உனக்கு வயல் கதை விளங்கும். லீவில சும்மாதானே இரிக்காய்" என்றார்.

சும்மா! எனக்கு என்ன வருத்தம் என்று அவருக்குத் தெரியும். ஆஸ்பத்திரித் துண்டில் 'சயரோகம்', ஊருக்கு 'நெஞ்சுச் சளி'. வீட்டில் அதற்குப் பெயரே கிடையாது. பின் அறை எனக்கு. கோப்பை, பாய், தலையணை எல்லாம் தனி. அம்மா சோற்றை வாசற்படியில் வைத்துவிட்டுப் பின்னுக்குப் போய் நின்றுதான் என்னைக் கூப்பிடுவார். குறை சொல்ல எனக்கு வாயில்லை. கண்ணகை அக்கா இதே அறையில், இதே வருத்தத்தில்தான் போனார்.

பின்னேரம் முதல் பாட்டைக் கேட்டேன். எருமை கட்டிச் சூடு மிதித்துக் கதிரில் இருந்து நெல்லைப் பிரிக்கிறபோது பாடுவது. கிராமபோன் தட்டு நான் கேட்டிருக்கிறேன், அதில் ஆட்கள் சட்டிக்குள் இருந்து பாடுவார்கள். இது அப்படி இல்லை. அந்த மனிதன் என் காதுக்குள் வந்து நின்று பாடினான். மூச்சை இழுக்கிற சத்தம், எருமை மூக்கால் ஊதுகிற சத்தம், பிறகு இரண்டு அடிக்கு நடுவில் ஓர் இருமல்.

நாடாவை நிறுத்திவிட்டேன். அந்த இருமலை எனக்குத் தெரியும், என்னுடையதும் அதே இருமல்தான். கீறலைக் கழுவிவிட்டதும் அதுவும் வெளியே வந்துவிட்டது. அவன் எப்போதோ செத்திருப்பான். அதற்குப் பிறகு இன்று நாடாவைப் போடவில்லை.

பெப்ரவரி 9

அஞ்சலா என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவள். இப்போது வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு எனக்கே அதிகாரம் பண்ணுகிறாள். ஒவ்வொரு நாளும் ஊசியைக் கையில் பிடித்துக்கொண்டு அதே கேள்வி: "காது இரையுதா? தலை சுத்துதா?" இந்த மருந்து சிலருக்குக் காதைத் தின்றுவிடுமாம். அப்படி ஏதும் என்றால் டொக்டர் ஊசியை நிறுத்திவிடுவாராம்.

நிறுத்திவிடுவார். அந்தச் சொல்தான் எனக்குப் பயம். அக்கா ஊசிக்குப் பயந்து பாதியில் நிறுத்தினார். இருபத்தாறு வயதில் போனார். எனக்கு இப்போது இருபத்தைந்து.

பெப்ரவரி 12

தோணிப் பாட்டு ஒன்றை எழுதி முடித்தேன். அழகான பாட்டு. ஆனால் சீமைக்காரர் இந்தச் சுருளைச் சரியாகச் சுத்தம் பண்ணவில்லை. பாட்டுக்குப் பின்னால் ஒரே இரைச்சல். மெல்லிய இரைச்சல்தான், மூடிய சட்டியில் அரிசி கொதிக்கிற மாதிரி. முதல் நாள் இது இருக்கவில்லையே? ஒரு வேளை அந்த இருமலில் கவனம் போனதால் தெரியவில்லையோ.

மாஸ்டருக்கு ஒரு துண்டு எழுதி அனுப்பினேன், வந்து பாருங்கள் என்று.

பெப்ரவரி 15

மாஸ்டர் வந்தார். வாசலோடு நிற்பார் என்று நினைத்தேன், கதிரையை இழுத்துப் போட்டு அறைக்குள் இருந்துவிட்டார். அம்மாவின் முகம் போன போக்கு! காதுக்கருவியைத் துடைத்துக் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தாளம் போட்டார். எனக்கு எரிச்சலாக வந்தது.

"இரைச்சல் கேக்குதா சேர்?"

"எந்த இரைச்சல்?"

"பின்னால. பாட்டுக்குப் பின்னால."

திரும்பவும் வைத்துக் கேட்டார். தலையை ஆட்டினார். "ஒரு பொட்டு இரைச்சலும் இல்ல பிள்ளை. கண்ணாடி மாதிரி இரிக்கு."

நான் சிரித்தேன். பற்றரி இறங்கியிருக்கும் என்று ஏதோ உளறினேன். அவர் நாடாவை நிறுத்தி, கருவியைக் கழற்றி மடியில் வைத்தார். பெட்டி நின்றுவிட்டது. முற்றத்தில் காற்றுக்கூட இல்லை.

இரைச்சல் நிற்கவில்லை.

அது நாடாவில் இல்லை. என்னிடம் இருக்கிறது. மாஸ்டர் ஏதோ கேட்டார், நான் ஏதோ சொன்னேன். அவர் போனதும் தலையணைக்குள் முகத்தை அமத்தினேன். அமத்தினால் இன்னும் கூடக் கேட்கிறது. கடவுளே, அம்மாளே, ஆரெண்டாலும் சரி — இதை நிப்பாட்டுங்க.

பெப்ரவரி 16

கண் விழித்ததும் முதல் கேட்டது அதுதான்.

பெப்ரவரி 18

இன்று சொல்லிவிடுவது என்று எழும்பினேன். ஊசி நின்றால் அக்கா போன வழி. நிற்காவிட்டால் செவிடு. இரண்டையும் முற்றத்தில் நின்று நிறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். செவிட்டு வாத்தியாரை யார் வைத்துக்கொள்வார்கள்? ஆனால் செத்த வாத்தியாரையும் யாரும் வைத்துக்கொள்வதில்லையே. சொல்லத்தான் வேண்டும்.

ஆகவே அம்மாவிடம் முதலில் சொன்னேன். "அம்மா, எனக்குக் காது கேக்கிறது குறை—"

முடிக்க விடவில்லை. அகப்பையோடு ஓடி வந்து, வாசற்படியில் சட்டென்று நின்றுவிட்டார். "வாயக் கழுவு! கொப்பர் இண்டைக்குத்தான் களத்தில சூடு வைக்கப் போயிரிக்கார். இப்பப் போய் அந்தச் சொல்லா?"

மறந்தே போனேன். அப்பா, கந்தப்போடியார், விடியவே தோணியில் வாவிக்கு அக்கரையில் இருக்கிற படுவான்கரைக்குப் போய்விட்டார். எங்கள் வயல் வட்டையில் இன்றிலிருந்து சூடடிப்பு. களத்தில் நெல்லை நெல் என்று சொல்ல மாட்டார்கள், பொலி என்பார்கள். குறைந்தது, முடிந்தது, இல்லை, போய்விட்டது எதுவும் வாயில் வரக்கூடாது. வந்தால் பூதம் கேட்டுவிட்டுப் பொலியை அள்ளிக்கொண்டு போய்விடுமாம். மற்ற வீடுகளில் அது களத்தோடு சரி. அம்மா அந்தச் சட்டத்தை வாவியைத் தாண்டிக் கொண்டுவந்து அடுப்படியிலும் வைத்திருப்பார். சூடடிப்புக் காலத்தில் எங்கள் வீட்டில் உப்பு முடிவதில்லை, உப்பு 'வேணும்'. போன போகத்தை வெள்ளம் கொண்டுபோன பிறகு அம்மாவுக்கு இது இன்னும் கூடிவிட்டது.

"பொலி வீட்டுக்கு வந்து சேரட்டும் மனே. அது மட்டும் வாயப் பொத்திட்டு இரி. மறுகா சொல்லலாம்."

நான் படித்தவள். பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். வாயைப் பொத்திக்கொண்டு இருந்துவிட்டேன். பூதத்துக்குப் பயந்தா? இல்லை. தள்ளிப்போட ஒரு சாட்டுக் கிடைத்ததே என்று உள்ளுக்குள் ஒரு நிம்மதி.

பெப்ரவரி 21

இன்று ஆஸ்பத்திரிக்கு அம்மாவும் கூட வந்தார். என்னில் நம்பிக்கை இல்லை.

அஞ்சலா ஊசியைத் தூக்கிப் பிடித்தாள். "காது எப்பிடி பூரணி? தலை?"

நான் வாயைத் திறந்தேன். அம்மா முந்திவிட்டார். "எல்லாம் நிறைஞ்சு நல்லா இரிக்கு மகள். ஒரு கேடும் இல்லாம — எல்லாம் நல்லா இரிக்கு." 'இல்லாம' வந்துவிட்டது என்று தன் வாயிலேயே ஒரு தட்டுத் தட்டிக்கொண்டார். அஞ்சலா சிரித்தாள். நானும் சிரித்தேன். மருந்து ஏறும்போது அது நேராகக் காதுக்குள் போவது போல் இருந்தது.

பெப்ரவரி 24

கிணற்றடியில் முகத்துக்குச் சவுக்காரம் போட்டுக் கண்ணை மூடினேன். நிலம் சரிந்தது. தோணியில் நிற்கிற மாதிரி, ஆனால் பிடிக்க ஒன்றும் இல்லை. கண்ணைத் திறந்தபோது வாளிக்குப் பக்கத்தில் கிடந்தேன், முழங்கை உரிந்து இரத்தம். கண் திறந்திருந்தால் நடக்கலாம், மூடினால் விழுகிறேன். இனி முகம் கழுவக்கூட ஆள் பிடித்துக்கொள்ள வேண்டுமா?

அம்மா ஓடி வந்தார். தூக்கவில்லை. அந்த வருத்தத்துக்குப் பயம், பாவம். துவாயை எறிந்துவிட்டு, "சவுக்காரம் வழுக்கினதுதானே, என்ன மனே, வழுக்கினதுதானே?" என்று கேட்டுக்கொண்டே நின்றார். ஓம், வழுக்கினதுதான் என்றேன்.

பெப்ரவரி 27

முருங்கைக் கொப்பில் ஒரு குருவி வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. சத்தம் வரவில்லை.

மார்ச் 2

இன்று கடைசிச் சுருளைப் போட்டேன். பெண்கள் பாட்டு. களை பிடுங்கும்போது பாடியதாம், மாஸ்டர் பெட்டியில் எழுதி ஒட்டியிருக்கிறார்.

தொடக்கத்தில் அந்த வெள்ளைக்காரர் தமிழில் ஏதோ சொல்கிறார். அது கேட்கிறது. எருமைக்காரன் குரல் கேட்டது, தோணிக்காரன் குரல் கேட்டது, இவர் குரலும் கேட்கிறது. பிறகு பெண்கள் பாடுகிறார்கள். பாடுகிறார்கள் என்று நினைக்கிறேன். எங்கோ வாவிக்கு அக்கரையில் யாரோ கூப்பிடுகிற மாதிரி. இடது காதில் அதுவும் இல்லை. சத்தத்தைக் கூட்டும் திருகை முழுக்கத் திருகினேன். என் இரைச்சல்தான் கூடுகிறது, அவர்கள் வரவே இல்லை. நாடா ஓடுது. சக்கரம் சுத்துது. பொம்புளையள் பாடுறாங்க, என்னால கேக்க ஏலாம இரிக்கு. என்ன செய்வன்? ஆரிட்டச் சொல்லுவன்? அம்மாட குரலும் இப்பிடித்தான் போகுமா? என்ர வகுப்புப் புள்ளைகள்ட குரல்?

போகிறதே. ஒவ்வோர் ஊசியோடும் போகிறதே. நாளைக்கும் ஊசி. நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

மார்ச் 4

பின்னேரம் அப்பா வந்தார். களத்தில் பொலி தூற்றிக் குவித்தாகிவிட்டதாம், வண்டி ஏற்ற ஆட்கள் வர வேண்டுமாம். அதுவரை இரவில் குவியலைப் போடியார் விட்டுப் பிரியக்கூடாது, அதுவும் ஒரு சட்டம். உடுப்பு மாற்றி, ஒரு வாய் தின்றுவிட்டு உடனே திரும்பிப் போகத்தான் வந்தார்.

நான் அறையை விட்டு முற்றத்துக்கு வந்தேன். அம்மா கண்ணால் தடுத்தார். அப்பா என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். உதடு அசைந்தது, பாதிதான் விளங்கிற்று. 'ஓம்' என்றேன். அவர் நெற்றியைச் சுருக்கினார். 'ஓம்' சொல்கிற கேள்வி இல்லைப் போல.

"நான் என்னகா கேட்டன்?" என்றார், இப்போது பலத்து.

அழுதுவிட்டேன். எல்லாவற்றையும் கொட்டினேன். இல்லை, குறைந்துபோச்சு, போய்விட்டது, முடிஞ்சு போச்சு — பூதத்துக்கு வேண்டிய எல்லாச் சொல்லையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டார்.

அப்பா சாப்பாட்டுக் கோப்பையை அப்படியே வைத்தார். பிறகு கிட்ட வந்து, நான் வாயைப் பார்க்கும்படி நின்று சொன்னார்: "பொலி கிடந்தாக் கிடக்கட்டும். பூதத்தோட நான் பேசிக்கிறன். விடிய வெளிக்கிடு, நான் கூட்டிட்டுப் போறன்."

அப்பா களத்துக்குத் திரும்பிப் போகவில்லை. நாற்பது வருஷம் செய்யாததைச் செய்துவிட்டு, முற்றத்தில் சுருட்டுப் பிடித்துக்கொண்டு இருக்கிறார். எனக்கு அதுவும் பயமாக இருக்கிறது.

மார்ச் 5

டொக்டர் இரண்டு கவருள்ள ஓர் இரும்பை மேசையில் தட்டி என் இடது காதுக்குப் பக்கத்தில் பிடித்தார். ஒன்றும் இல்லை. அப்பாவின் காதுக்குப் பிடித்தார். "ஊம் எண்டு கேக்குதே" என்றார் அப்பா, என்னைப் பார்த்துக்கொண்டு. அவருடைய முகத்தை நான் இனி மறக்க மாட்டேன். வலது காதுக்குப் பிடித்தபோது எனக்கும் கேட்டது, தூரத்தில்.

"எப்ப துவங்கினது?" என்று டொக்டர் கேட்டார். சொன்னேன். பேனையை வைத்துவிட்டார்.

போனது போனதுதானாம், திரும்பாதாம். ஊசியை இன்றோடு நிறுத்தினால் மிச்சம் தங்கலாம். 'தங்கலாம்' என்றுதான் சொன்னார், 'தங்கும்' என்று சொல்லவில்லை. இனி விழுங்குகிற குளிசை மட்டும். நெஞ்சுக்கு அது போதுமா என்று கேட்டேன். "பெரும்பாலும்" என்றார். அக்காவைப் பற்றிச் சொன்னேன். "அவ மருந்து எல்லாத்தையும் விட்டவ. நீர் ஒண்டைத்தானே விடுறீர்" என்றார். நல்ல மனிதர். பயம் போகவில்லை.

அஞ்சலா வெளி விறாந்தையில் என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "தினம் தினம் கேட்டனே பூரணி. தினம் கேட்டனேடி." தொப்பி சரிந்துபோனதும் தெரியாமல் அழுதாள்.

மார்ச் 8

பொலி வந்து சேர்ந்தது. கூடவா குறையவா என்று அம்மா கேட்கவில்லை. அப்பாவும் சொல்லவில்லை. அம்மா என்னோடும் பேசவில்லை. வாசற்படியில் சோற்றை வைத்துவிட்டு, கூப்பிடாமல், நான் காணும் வரைக்கும் நின்றுகொண்டே இருக்கிறார்.

ஏப்ரல் 3

இன்று இருமலில் ஏதோ சிவப்பாக. வெளிச்சத்தில் கொண்டுபோய்ப் பார்த்தேன். வெற்றிலை. அப்பா கொடுத்த வெற்றிலை. அங்கேயே இருந்து அழுதேன்.

ஏப்ரல் 29

மிச்சம் தங்கியிருக்கிறதா என்று நாளுக்கு நாள் சோதிக்கிறேன். கோப்பையில் கரண்டியால் தட்டுவது, தீப்பெட்டியைக் குலுக்குவது, என் பெயரை நானே மெல்லச் சொல்வது. நேற்றுக் கேட்டது இன்றும் கேட்டால் அன்றைக்குச் சோறு இறங்கும்.

ஜூன் 20

நெஞ்சுப் படம் எடுத்தார்கள். டொக்டர் வெளிச்சத்தில் பிடித்து, பழைய படத்தையும் புதிய படத்தையும் காட்டினார். ஓட்டை மூடி வருகிறது. சளியில் கிருமி இல்லை. குளிசையை விடாமல் போட வேண்டும், ஆனால் இனி எல்லாரோடும் இருந்து சாப்பிடலாம், பாய் தனியாகத் தேவையில்லை என்று அம்மாவைப் பார்த்தே சொன்னார். அம்மா பெரிதாகத் தலையை ஆட்டினார்.

இரவுச் சோறு வாசற்படியில்தான் இருந்தது. பழக்கம். எடுத்துக்கொண்டு அறைக்குள் போனேன்.

நான் சாக மாட்டேன் போலிருக்கிறது. எழுதிப் பார்க்கிறேன். இன்னும் நம்ப முடியவில்லை.

ஜூலை 3

அல்பேட் மாஸ்டர் ஆள் அனுப்பியிருந்தார். பெண்கள் பாட்டு இல்லாமல் வேலை நிற்கிறதாம். என்னால் முடியாது, பெட்டியைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்று முற்றத்தில் எடுத்துவைத்தேன். கடைசியாக ஒரு தடவை என்று போட்டுப் பார்த்தேன். அதே அக்கரைக் கூப்பாடு. கருவியைக் கழற்றிப் பாயில் போட்டுவிட்டுச் சும்மா இருந்தேன்.

அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டும் இருந்திருக்கிறார். சுளகை வைத்துவிட்டு வந்து, பாம்பைத் தூக்குகிற மாதிரி அந்தக் கருவியைத் தூக்கித் தன் காதில் வைத்தார். நான் நாடாவை ஓட்டினேன்.

முதலில் திடுக்கிட்டார். பிறகு வாயைப் பொத்தினார். பிறகு தோள் குலுங்கிற்று. அழுகிறார் என்று நினைத்தேன். இல்லை, சிரிக்கிறார். கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறார்.

"என்ன பாடுறாங்க அம்மா?"

கையை விசுக்கினார். முகம் சிவந்துவிட்டது. முற்றத்து மூலையில் அப்பா மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார். அவரைக் கண்ணால் காட்டினார். நான் விடவில்லை. மாஸ்டருக்கு வேண்டும், எழுத வேண்டும் என்றேன். ஏதோ சொன்னார், எனக்கு எட்டவில்லை. இன்னும் கொஞ்சம் பலத்துச் சொன்னார். அதுவும் எட்டவில்லை.

அப்போது என் வலது பக்கம் வந்து இருந்தார். என் தலைமயிரைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டார். வாயைக் காதோடு வைத்தார். வெற்றிலை மணந்தது. இந்த வருஷம் முழுக்க என் முகத்துக்கு இவ்வளவு கிட்ட அவர் வந்ததில்லை.

வரம்பால போற மச்சான்
வழுக்குதெண்டு பாசாங்கு
விழுந்தா எடுத்தணைக்க
வேலிக்குள்ள நானிரிக்கன்

அதற்கு அடுத்த அடியை நான் இங்கே எழுத மாட்டேன். மாஸ்டருக்கு எந்த முகத்தோடு எழுதிக் கொடுப்பதோ தெரியவில்லை. அப்பா மண்வெட்டியைப் போட்டுவிட்டு, எங்கள் பக்கம் திரும்பாமலே எழுந்து வேலிக்கு வெளியே ஒழுங்கைக்குப் போய்விட்டார்.

"கேட்டிச்சா மனே?" என்று அம்மா காதோடு கேட்டார்.

ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"இல்ல அம்மா, கேக்கல்ல" என்றேன். "இன்னொருக்காச் சொல்லுங்க."